2147483647: ஒரு பெரிய எண் பகா எண் என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

2024 அக்டோபரில் ‘உலகின் மிகப்பெரிய பகா எண் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி வந்தது. அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டறிந்த அந்த எண்ணில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடமும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதையொட்டி மூன்று கருத்துகள் உலவின. இதற்கு மேல் பகா எண் கிடையாது என்பது ஒன்று. வங்கிகளின் ரகசியக் குறியீடு இந்த எண்ணில்தான் இருக்கிறது என்பது இன்னொன்று. கணினி எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்து முடிவு சொன்னது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. மூன்றாவது தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வகுத்துப் பார்க்காமலேயே உறுதியாக அறிய முடிந்ததுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. அது யார் காதிலும் விழாமல் போகிறது.

4 கோடி இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி விளக்க முடியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, பத்தே இலக்கங்கள் கொண்ட ஒரு பழைய எண் இருக்கிறது: 2147483647. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதையே எடுத்துக்கொள்வோம்.

வாழைக்கன்றும் வரிசையும்

களக்காட்டுப் பக்கம் ஒருவர் வயலில் வாழை வைக்கிறார். கையில் 91 கன்றுகள். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒரு கன்றும் மிஞ்சக் கூடாது. வரிசைக்கு 13 வீதம் 7 வரிசை வைத்தால் சரியாக அமைந்துவிடும். 97 கன்றுகள் இருந்தால்? 2 வரிசையில் வைத்தால் ஒன்று மிஞ்சும். 5 வரிசையில் வைத்தால் இரண்டு மிஞ்சும். 7 வரிசையில் வைத்தால் ஆறு மிஞ்சும். வயலின் ஓரமாக ஒரே நீள வரிசையில் நட்டுக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த 97 ஒரு பகா எண். 1-ஐ விடப் பெரியதாக, 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாததாக இருப்பதே பகா எண். 91 போல வகுபடும் எண் பகு எண். 91-ஐ மீதியின்றி வகுக்கும் 7, 13 ஆகியவை அதன் வகுத்திகள். 1 இரண்டு வகையிலும் சேராது. 91-ஐப் பார்த்த மாத்திரத்தில் பகா எண் என்று குறித்துவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். எண்ணின் முகத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதற்கு இந்தச் சிறு எண்ணே போதும்.

எத்தனை வரிசை வரை சோதிக்க வேண்டும்? 97-க்கு 96 வரை போக வேண்டியதில்லை. வரிசைகளின் எண்ணிக்கை 10 அல்லது அதற்கு மேல் போனால், ஒரு வரிசையில் உள்ள கன்றுகள் 10-க்குக் கீழே வந்துவிடும். அதே வயலைப் பக்கவாட்டு வரப்பில் நின்று பார்த்தால் 10-க்குக் குறைவான வரிசைகளாகத் தெரியும். அதை முன்பே சோதித்தாயிற்று. ஆகவே எண்ணின் வர்க்கமூலம் வரை, அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 97-க்கு 2, 3, 5, 7 என்று நான்கே சோதனைகள்.

நம் 2147483647-க்கு வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் 4,700-க்கு மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கையால் செய்பவருக்கு மாதக்கணக்கில் வேலை.

‘மிகப்பெரிய’ என்று சொல்லலாமா?

‘இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப்பெரியது’ என்றால் சரி. வெறுமனே ‘மிகப்பெரிய பகா எண்’ என்றால் தவறு, அப்படி ஒன்று இருக்கவே முடியாது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் இதை நிறுவிவிட்டார். பகா எண்கள் ஒரு முடிவான பட்டியலில் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்கி, 1 கூட்டுங்கள். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் ஒரு பகா வகுத்தியாவது இருந்தே தீரும். அந்த வகுத்தி பட்டியலுக்கு வெளியே இருக்கிறது என்றால், பட்டியல் முழுமையானது அல்ல.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ‘பெருக்கி 1 கூட்டினால் பகா எண் கிடைக்கும்’ என்று சிலர் இதைச் சூத்திரமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59 × 509. புதிய எண் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று யூக்ளிட் சொல்லவில்லை. அதன் வகுத்தி புதியது என்றுதான் சொன்னார்.

பகா எண்கள் போகப் போக அருகிவரும், ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அரிதாவதில்லை. 100-க்குள் 25 இருக்கின்றன, அதாவது நான்குக்கு ஒன்று. 2147483647-இன் அக்கம்பக்கத்திலும் சராசரியாக 21 அல்லது 22 எண்களுக்கு ஒன்று பகா எண்தான். நம் எண் வரிசைப்படி 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565-ஆவது பகா எண். அத்தனை பேர் அதற்கு முன்னால் நிற்கிறார்கள் என்றால், இதை மட்டும் ஏன் தனியாக எடுத்துப் பேச வேண்டும்? அதன் வடிவத்துக்காக.

2-இன் அடுக்கில் ஒன்று குறைவு

2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் 2147483647 கிடைக்கும். கணிதக் குறியீட்டில் 2³¹ − 1. இந்த வடிவிலான பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி. 2024-இல் கிடைத்ததும் இதே வகைதான்: 2-இன் 136279841-ஆம் அடுக்கில் 1 குறைவு. அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் அது 52-ஆவது.

இந்த வடிவில் அடுக்கு பகு எண்ணாக இருந்தால், விடையும் பகு எண்தான். 6 என்பது 2 × 3 ஆகையால் 2⁶ − 1 = 63 என்பது 2² − 1 = 3-ஆலும் 2³ − 1 = 7-ஆலும் வகுபடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047; அதுவோ 23 × 89. ‘பகா எண்ணை அடுக்காகப் போட்டால் பகா எண் வரும்’ என்ற பரவலான நம்பிக்கை 2047-இல் உடைந்துபோகிறது.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில், 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று எழுதினார். 67-ஐயும் 257-ஐயும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய எண்களை அன்று யாராலும் சோதிக்க முடியவில்லை. அவர் குறித்த 31 சரிதான் என்று நிறுவவே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த வடிவத்தின் மீது பழங்காலம் தொட்டு இருந்த ஆர்வத்துக்கு இன்னொரு காரணம் செவ்விய எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் அது: 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும். 2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811-இல், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணைக் கண்டுபிடிக்க எவரும் முயலப் போவதில்லை, அவற்றால் பயனில்லை என்று எழுதினார். 65 ஆண்டுகளில் அந்தக் கணிப்பு பொய்த்துப்போனது.

இதுவரை பார்த்ததில் இரண்டு செய்திகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2147483647 என்பது 2³¹ − 1. அதை நேரடியாகச் சோதிக்க வேண்டுமானால் 4,700-க்கு மேற்பட்ட பகா எண்களால் வகுக்க வேண்டும்.

ஆய்லர் எதை விட்டுவிட்டார்?

1772-இல் சுவிஸ் கணிதர் லியோனார்ட் ஆய்லர் இந்த எண் பகா எண்தான் என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அவர் அத்தனை எண்களாலும் வகுக்கவில்லை. எந்தெந்த எண்கள் வகுத்தியாக இருக்கவே முடியாது என்று முதலில் கண்டார்.

அதன் சூட்சுமத்தைச் சிறிய எண்ணில் பார்க்கலாம். 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 8, 16 வரை அப்படியே வரும். அடுத்து 32, அதில் 23 போக மீதி 9. பிறகு 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இடத்தில் 1 வந்துவிட்டது. அதன் பின் 2, 4, 8 என்று முதலிலிருந்து அதே வரிசை சுழலும். 11-ஆம் அடுக்கில் மீதி 1 என்றால், அதில் ஒன்று குறைவான 2047 மீதியின்றி வகுபடும் என்று பொருள். 23 ஏன் 2047-இன் வகுத்தி என்பதற்கு இதுவே காரணம்.

இதோடு 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2 அல்லாத எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்கில் இந்த மீதி கட்டாயம் 1 ஆகும். 23-க்கு 22-ஆம் அடுக்கு. சுழற்சி 11 இடத்துக்கு ஒருமுறை என்றால் 22-இலும் 1 வரும், பொருந்துகிறது. 89-க்கு 88, அதுவும் 11-இன் மடங்கு.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மீதி வரிசை 31-ஆம் இடத்தில் 1-க்குத் திரும்ப வேண்டும். 31 பகா எண் என்பதால் சுழற்சியின் நீளம் அதைவிடச் சிறியதாக அமைய வழியில்லை, சரியாக 31தான். ஃபெர்மாவின் விதிப்படி அந்த வகுத்தியில் ஒன்று கழித்தால் 31-இன் மடங்கு வர வேண்டும். வகுத்தி ஒற்றைப்படை எண் ஆகையால், 62-இன் மடங்காகவே வர வேண்டும். இதற்கு மேல், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

இதன் பலனைப் பாருங்கள். 1,000-க்குள் 168 பகா எண்கள் இருக்கின்றன. 248-இன் மடங்குகளோடு 1 கூட்டினால் 249, 497, 745, 993 வரும். நான்கும் பகு எண்கள். 63 கூட்டினால் 311, 559, 807 வரும். 559 என்பது 13 × 43, 807 என்பது 3 × 269. மிஞ்சுவது 311 ஒன்றுதான். 168 சோதனைகள் இருந்த இடத்தில் ஒன்று! அந்த 311-ஆல் 2147483647-ஐ வகுத்தால் மீதி 35. ஆகவே அதுவும் வகுத்தி அல்ல. அடுத்துச் சோதிக்க வேண்டியது 1303, பிறகு 1489. இப்படி 46,340 வரை போனாலும் மொத்தம் நூற்றுக்கும் குறைவான சோதனைகள்தான். எதுவும் வகுக்கவில்லை. ஒரு விதி நாலாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்களைத் தேவையற்றதாக்கிவிட்டது. பள்ளியில் பகா எண் பாடம் நடத்தும்போது இந்த ஒரு பக்கக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இந்த இடத்தில் நம் சீமைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. அன்று திருநெல்வேலி மாவட்டம், இன்று தென்காசி. எண் கோட்பாட்டில் உலகம் அறிந்த பெயர். மேலே கண்ட ‘வகுத்தியில் ஒன்று கழித்தால் இதன் மடங்கு’ என்ற ஒழுங்கு வேறு வடிவங்களிலும் வருமா என்ற கேள்வியோடு அவர் பெயர் பிணைந்திருக்கிறது. 1 முதல் ஓர் எண் வரை பெருக்கி 1 கூட்டுங்கள். 5 வரை பெருக்கினால் 121, அது 11 × 11. 10 என்பது 5-இன் மடங்கு. 6 வரை பெருக்கினால் 721, அது 7 × 103. 6, 102 இரண்டும் 6-இன் மடங்குகள். 7 வரை பெருக்கினால் 5041, அது 71 × 71. 70 என்பது 7-இன் மடங்கு. விதி கிடைத்துவிட்டது என்று தோன்றும். 8 வரை பெருக்கினால் 40321, அது 61 × 661. 60 என்பது 8-இன் மடங்கு அல்ல! இந்த ஒழுங்கை மீறும் 61 போன்றவற்றுக்குப் பிள்ளை பகா எண்கள் என்று பெயர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 49. குற்றாலத்துக்கு வந்து போகும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

வகுக்காமலே அறிவது

ஆய்லரின் வழியும் கடைசியில் வகுத்துப் பார்ப்பதுதான். எண் இன்னும் பெரிதானால் தாங்காது. 1876-இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் லூகா முற்றிலும் வேறு வழியைக் காட்டினார். பின்னர் அமெரிக்கர் லேமர் அதைச் செப்பனிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அந்தச் சோதனையின் செய்முறையை ஆறாம் வகுப்பு மாணவர்கூடச் செய்துவிடலாம்.

4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண்.

2⁵ − 1 = 31-க்கு மூன்று தடவை. முதலில் 16-இல் 2 போக 14. அடுத்து 196-இல் 2 போக 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 64-இல் 2 போக 62, மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசி மீதி 1736. பூச்சியம் வராததால் அது பகு எண். 23-உம் 89-உம் இங்கே தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2147483647-க்கு இந்த முறையில் 29 தடவை போதும்.

லூகா 1876-இல் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்றும் காட்டினார். ஆனால் எந்த எண் அதை வகுக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வகுபடும் என்று தெரியும், எதனால் என்று தெரியாது! 1903-இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் விடை கண்டார்: 147573952589676412927 = 193707721 × 761838257287. ஆய்லர் விதிப்படி 193707720-ஐ 67-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றிப் போகும்.

ஓர் எண் பகு எண் என்று அறிவது வேறு, அதன் வகுத்திகளைக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்.

2024-இன் எண்ணைக் கண்டறிந்ததும் இந்த வழியில்தான். 1996 முதல் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைத் தந்து நடத்தும் ‘ஜிம்ப்ஸ்’ என்ற கூட்டுத் தேடலில் அது அகப்பட்டது. முதலில் ஒரு விரைவுச் சோதனை ‘பகா எண்ணாக இருக்கக்கூடும்’ என்றது. பிறகு லூகா-லேமர் சோதனை அதை உறுதி செய்தது. மேலே மூன்று தடவை செய்த அதே வேலை 13 கோடியே 62 லட்சத்துக்கு மேற்பட்ட தடவை; ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்க எண்ணுக்கு வர்க்கம்.

வங்கிப் பாதுகாப்பில் இதற்கு இடம் உண்டா?

பகா எண்களுக்கு இடம் உண்டு. செய்தியில் வந்த எண்ணுக்கு இல்லை. தகவலை ரகசியக் குறியீடாக்கி அனுப்ப 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறை, கோலின் கதையில் கண்ட அதே வேறுபாட்டின் மேல் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடிப்பொழுது வேலை. பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால், இன்றைய கணினிகள் திணறும். இதற்கு 300-க்குச் சற்று அதிகமான இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் போதும். அந்த அளவில் அவை கணக்கற்றுக் கிடக்கின்றன. கணினி தற்செயலாக ஒன்றைத் தேர்ந்து, சோதித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும். உலகமே அறிந்த 52 மெர்சென் பகா எண்களில் ஒன்றை ரகசியமாக வைக்க வழி ஏது?

2038-ஆம் ஆண்டுச் சிக்கல்

நம் எண்ணைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு: 2147483647 பகா எண்ணாக இருப்பதால்தான் 2038-இல் பழைய கணினிகள் குழம்பப் போகின்றன என்று. சிக்கல் உண்மை, காரணம் தவறு. பல பழைய கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை எழுத, 0 அல்லது 1 மட்டும் ஏற்கும் 32 இடங்கள். அவற்றில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்கு. மிஞ்சிய 31 இடங்களிலும் 1 நிரம்பினால் வருவது 2³¹ − 1. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அது நிரம்பும். அடுத்த வினாடியை எழுத அங்கே இடமிருக்காது.

இதில் பகா எண் என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. 64 இடங்களுக்கு மாறிய புதிய அமைப்புகளில் அந்த வரம்பு 2⁶³ − 1, அதாவது 9223372036854775807. 63 பகு எண். 3-உம் 7-உம் அதன் வகுத்திகள். ஆகவே அந்த வரம்பு 2³ − 1 = 7-ஆலும் 2⁷ − 1 = 127-ஆலும் மீதியின்றி வகுபடும். பகா எண்ணாக இல்லாத அந்த வரம்போடுதான் புதிய கணினிகள் நேரத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன.